நிலாப் படத்தில் ஒரு பெயர்

இன்னும் ஏழு பேர். பதினாலாம் நம்பரை இப்போதுதான் உள்ளே கூப்பிட்டார்கள், எங்கள் சீட்டில் இருபத்தொன்று என்று போட்டிருக்கிறது, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் பன்னிரண்டு மணி தாண்டிவிடும். தாண்டட்டும். சீக்கிரம் உள்ளே போய் என்ன ஆகப்போகிறது. உள்ளே போனால் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்பார். ஆறு மாதத்துக்கு முன்னால் கேட்டது போலவே பேனாவால் என்னைக் காட்டி, "சார், இவங்க யாரு, சொல்லுங்க பாப்போம்" என்பார். அன்றைக்கு இவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முப்பது வருசமா எனக்கும் அதே சந்தேகம்தான் சார்" என்றார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், பஸ்ஸில் திரும்பி வரும்போதும் நினைத்து நினைத்துச் சிரித்தேன், வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் சுருக்கென்றது, பேரைச் சொல்லவே இல்லையே. பேர் தெரிந்துதான் வேடிக்கையாகப் பேசினாரா, தெரியாததை மறைக்கத்தான் அப்படிப் பேசினாரா. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளைகள் சிரிக்க வைத்துத் தப்பிப்பார்கள் என்று இவரே சொல்லியிருக்கிறார். மகள் அபிராமி கோயமுத்தூரிலிருந்து போன் பண்ணியபோது நான் அந்தச் சந்தேகத்தைச் சொல்லவில்லை, சிரித்ததை மட்டும் சொன்னேன். அவள் கெட்டிக்காரி, என்னைப் போல இல்லை. "யம்மா, நல்லாக் கேட்டுக்கோ. அப்பாவுக்கு உன்னையத் தெரியுத மட்டும் நீ வச்சுப் பாத்துக்கோ, நான் ஒண்ணும் சொல்லல. உன்னையவே தெரியலன்னா பொறவு நான் சொல்லுததுக்கு நீ சரின்னு சொல்லணும். இங்க ஒரு இல்லம் பாத்து வச்சிருக்கேன், நர்ஸ் இருக்காவ, தோட்டம் இருக்கு. ஒருநாள் உன்னைய யாரோன்னு நெனச்சுத் தள்ளி விட்டாருன்னா அங்க யாரு வந்து தூக்குவா?" சரி என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே. என் பேரில் சத்தியம் பண்ணு என்றாள், அதையும் பண்ணிவிட்டேன். மகள் பேரில் பண்ணின சத்தியத்தை யார் மீறுவார்கள், அதுவும் என்னைப் போலப் பயந்தவள். இவர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், சட்டைப் பையில் இரண்டு பேனா, மடியில் குறுக்காகச் சுருட்டிய படம், இரண்டு பக்கமும் கட்டைகள் நீட்டிக்கொண்டு. அதை வைத்துவிட்டு வாருங்கள் என்று காலையில் எவ்வளவோ சொன்னேன். படம் இல்லாமல் எப்படிப் பாடம் எடுப்பது என்று கேட்டார்.

அந்தப் பக்கம் இருக்கிற பெண் ரொம்ப நேரமாகக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தனுக்கு வலிப்பு என்று கூட்டி வந்திருக்கிறாள், பேர் பேச்சித்தாய், முக்கூடலாம். "என்னக்கா அது, பாயா?" என்றாள். படம் என்றேன். "சாமி படமா?" நிலா படம் என்றேன். "ஆஸ்பத்திரிக்கு வாரவுக பிளாஸ்க்கு கொண்டாருவாவ, நீங்க நிலாவைக் கொண்டாந்திருக்கீய!" என்று அவள் சொன்னதும் கொழுந்தன்காரன்கூடச் சிரித்தான். எனக்குக் கோபம் வரவில்லை, நாலு பேர் சிரிக்கிற இடத்தில் பயம் கொஞ்சம் குறைகிறது. "அந்த சார் வாத்தியாரா?" ஆமாம், அறிவியல் வாத்தியார். "அதான பாத்தேன், எங்க கொழுந்தன் வந்ததுல இருந்து காலை ஆட்டாம உக்காந்திருக்கான்." படம் இவர் வேலைக்குச் சேரும் முன்பே பள்ளிக்கூடத்தில் இருந்தது. மனுஷன் நிலாவில் கால் வைப்பதற்கு முன்னால் அச்சடித்தது என்பார், பின்னால் துணி ஒட்டி, மேலும் கீழும் கறுப்புக் கட்டை அடித்து, வார்னிஷ் பூசி. வார்னிஷ் பழுத்து நிலா முழுவதும் இப்போது மஞ்சள் காமாலை கண்ட மாதிரி இருக்கிறது. கீழே ஓரத்தில் சின்ன எழுத்தில் தெற்கு மேலே என்று போட்டிருக்கும். கல்யாணமான புதிதில் ஆண்டுவிழாக் கண்காட்சியில் ஒரே ஒரு தடவை அதைப் பார்த்தேன், நம் நிலா மாதிரியே இல்லையே, முயலைக் காணோமே என்றேன், பக்கத்தில் நின்ற வாத்தியார்மார்கள் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு, தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் தலைகீழாகத்தான் தெரியும், அதனால் அந்தக் காலத்தில் அப்படியே அச்சடித்தார்கள் என்று சொன்னார். நான் தலையை ஆட்டினேன். தலைகீழாகத் தெரிவதைத் திருப்பிப் போட்டு அச்சடித்தால் என்ன என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பெரிய திரை வந்ததும் பழைய படங்களை எல்லாம் கழித்துக் கட்டினார்கள், இவர் ஓய்வு பெறுகிற நாளில் மாலையோடு இதையும் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். நாலு வருடம் ஆகிறது. படுக்கையறைச் சுவரில், என் தலைமாட்டுக்கு நேர் எதிரே, கண்ணைத் திறந்தால் அதுதான்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அம்மாவுக்குக் கண் சரியில்லாமல் போனதும் என் மடியில் பீடித் தட்டை வைத்தார்கள், பன்னிரண்டு வயதில் வைத்ததைக் கல்யாணத்தன்றுதான் இறக்கினேன். வாத்தியார் மாப்பிள்ளை என்றதும் தெருவே வயிறெரிந்தது. எனக்கு மட்டும் பயம். பெண் பார்க்க வந்தபோது, "என்ன படிச்சிருக்க?" என்றார், ஏழு என்றேன், "பரவால்ல, நான் சொல்லித் தாரேன்" என்றார். சொல்லித் தரத்தான் செய்தார். கடைக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருத்தி என் கையிலேயே கொடுத்தார், "ஏட்டி, பருப்புக்கே இத்தனை தப்பா" என்று. விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது உள்ளே போய்த் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் எதையும் எழுதவில்லை. வேண்டியதை வாயால் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டு போனார், முப்பது வருடம் அப்படியே போயிற்று. கெட்ட மனிதர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஏட்டி என்று கூப்பிடுவார், சோறு போடு என்பார், என்ன யோசனை என்று கேட்டால் உனக்குப் புரியாது என்பார். உண்மையாகவே புரியாதுதானே என்று நானும் இருந்தேன். போன ஆடியில் ஒருநாள் தோசை வைத்தபோது, தட்டைக் கையால் மறைத்து, "போதுங்க. உங்களுக்கு இருக்கா?" என்றார். முதலில் கிண்டல் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், கிண்டல் இல்லை. உங்களுக்கு இருக்கா. முப்பத்தோரு வருடத்தில் கேட்காத கேள்வி. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று, அதே நேரத்தில், இதை யாரிடம் சொல்ல முடியும், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அன்றிலிருந்து நீங்கதான். சில நாள் டீச்சர். "டீச்சர், பெல் அடிச்சாச்சா?" என்று அடுக்களை வாசலில் வந்து நின்று கேட்பார், இன்னும் இல்லை சார் என்பேன், அப்படியா என்று திரும்பிப் போவார். ஏட்டி என்று ஒரு தடவை கூப்பிட மாட்டாரா என்று ஏங்குகிறேன், கூப்பிட்டால் அந்த மரியாதை போய்விடுமே என்றும் இருக்கிறது. இப்படி நினைக்கிற பெண்டாட்டி உலகத்தில் உண்டா. பதினாறாம் நம்பர். பதினைந்தைக் கூப்பிட்டதே எனக்குக் கேட்கவில்லை.

எல்லாம் மறந்தாலும் படம் மறக்கவில்லை. காலையில் பல் தேய்த்ததும் அதற்கு முன்னால் போய் நின்று, விரலை வைத்து, வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி வாசிப்பார். நெருக்கடிக் கடல், வளமைக் கடல், அமுதக் கடல், அமைதிக் கடல், தெளிவுக் கடல், ஆவிக் கடல், மழைக் கடல், மேகக் கடல், புயல் பெருங்கடல். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். பழைய மாணவர்கள் வந்து காலைத் தொட்டு, சார் அந்த நிலாப் பாடம் நடத்துங்க சார் என்பார்கள். நடுவில் இவர் நின்றுபோனால் நான் கதவோரம் நின்று அடுத்த கடலை உதட்டால் எடுத்துக் கொடுப்பேன், இவர் பிடித்துக்கொள்வார். மின்வாரியத்தில் இருக்கிற இசக்கிமுத்து, "சாருக்கு ஒண்ணும் இல்லக்கா, சும்மா சொல்லுதாவ" என்று சொல்லிவிட்டுப் போனான். பீடி சுற்றினவள் நிலாவுக்கு எடுத்துக் கொடுக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு கடலிலும் சொட்டுத் தண்ணீர் கிடையாதாம், தூரத்தில் இருந்து பார்த்தவர்கள் கறுப்பாகத் தெரிந்ததை எல்லாம் கடல் என்று நினைத்துப் பேர் வைத்துவிட்டார்களாம், பொய் என்று தெரிந்த பிறகும் மாற்றவில்லையாம். டாக்டர் தேதி நெருங்க நெருங்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் பக்கத்தில் உட்கார்ந்து நான் வடிவு, உங்க சம்சாரம், சொல்லுங்க என்பேன், சொல்லுவார், காபி குடித்து முடிப்பதற்குள் போய்விடும். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. படத்தில் இருப்பதை ஒருநாளும் விடாமல் வாசிக்கிறார், நானும் படத்தில் இருந்தால் என்ன. அவர் குளிக்கிற நேரத்தில் நாற்காலி போட்டு ஏறினேன். எங்கே எழுதுவது என்றே வெகு நேரம் நின்றேன். சாவு ஏரி என்று ஒன்று இருக்கிறது, அதன் பக்கம் வேண்டாம். அழுகல் சதுப்பு, அது வேண்டவே வேண்டாம். உறக்கச் சதுப்புப் பக்கம் எழுதினால் தூங்குமூஞ்சி என்று நினைத்துவிட்டால். அமுதக் கடலை ஒட்டி வெறுமையாக ஒரு வெளுத்த இடம் கிடந்தது. கறுப்புப் பேனாவால், அச்சு எழுத்துப் போலவே, நாக்கைக் கடித்துக்கொண்டு, வடிவு. மூன்று எழுத்துக்கு அவர் குளித்து முடிக்கிற நேரம் ஆயிற்று. மறுநாள் கரண்டியோடு வாசலில் நின்றேன். விரல் நகர்ந்து வந்தது, வளமைக் கடல், நின்றது. சிவப்புப் பேனாவை எடுக்கப் போகிறார், எந்தப் பயல் கிறுக்கினது என்று கத்தப் போகிறார் என்று இருந்தேன். "வடிவு" என்றார். என்றுவிட்டு அமுதக் கடலுக்குப் போய்விட்டார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, நான் அப்படியே நின்றேன். பதினான்கு நாளாகத் தவறாமல் வாசிக்கிறார். ஒருநாளும் திருத்தவில்லை. அதுதான் எனக்கு இடிக்கிறது. என் எழுத்து இவருக்குத் தெரியாமல் போகுமா, பருப்பில் தப்புக் கண்டுபிடித்தவருக்கு.

பத்தொன்பது. பேச்சித்தாயின் கொழுந்தன் உள்ளே போய் வந்துவிட்டான், மாத்திரையைக் கூட்டி எழுதியிருக்கிறாராம். "வாரேங்கா, நிலாவைப் பத்திரமாக் கொண்டு போய்ச் சேருங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இவர் அவளுக்குக் கும்பிடு போடுகிறார். எல்லாருக்கும் கும்பிடு போடுகிறார், டீ கொண்டுவருகிறவருக்கு, கூட்டுகிற பெண்ணுக்கு. அந்த இல்லத்தில் இப்படிக் கும்பிட்டால் திருப்பிக் கும்பிடுவார்களா. தோசை போதுமா என்று கேட்டால் யாராவது பதில் சொல்வார்களா. சுவரில் படத்தை மாட்ட விடுவார்களா, ஆணி அடிக்கக் கூடாது என்பார்கள். நான் என்ன செய்வேன், எதிர்ச் சுவர் வெறுமையாக இருக்கும், கண்ணைத் திறந்தால் ஆணி மட்டும் இருக்கும். பேரைச் சொன்னால் போதும், வடிவு என்று ஒரு வார்த்தை, சம்சாரம் என்றுகூட வேண்டாம். டாக்டர் எழுதிக்கொள்வார், அபிராமியிடம் நெஞ்சில் கைவைத்துச் சொல்லலாம். இன்னும் ஆறு மாதம் கிடைக்கும். ஆறு மாதம் கழித்து? அது அப்போது. இவர் கட்டையை விரலால் தட்டிக்கொண்டே, "இங்க கரும்பலகை எங்க டீச்சர்?" என்கிறார். உள்ளே இருக்கும் சார் என்கிறேன். இருபது. இவ்வளவு வேகமாகவா. உள்ளே போன அம்மாள் இரண்டு நிமிடத்தில் வெளியே வருகிறாள், நல்ல செய்திக்குத்தான் நேரம் ஆகும் போல. இருபத்தொன்று, தணிகாசலம், தணிகாசலம் யாருங்க. நான் பையில் சீட்டைத் தேடுகிறேன். இவர்தான் எழுந்து, படத்தைத் தோளில் சாய்த்து, கதவை எனக்காகத் திறந்து பிடிக்கிறார்.

டாக்டர் நல்லவர்தான், சின்ன வயது. என்ன கிழமை என்றார், இவர் காலண்டரைக் கையால் காட்டினார். எந்த ஊர் என்றார், பாளையங்கோட்டை என்று சரியாகச் சொன்னார், எனக்கு மூச்சு வந்தது. பிறகு பேனா என் பக்கம் திரும்பியது. "சார், இவங்க யாரு?" இவர் என்னைப் பார்த்தார். நன்றாக, மரியாதையாகப் பார்த்தார், பேருந்தில் இடம் கொடுக்கிறவர்கள் பார்ப்பது போல. வேடிக்கைப் பேச்சு ஒன்றும் வரவில்லை. "பேரு ஞாபகம் இருக்கா சார்?" நான் செய்யக் கூடாததைச் செய்தேன், டாக்டர் குனிந்து எழுதுகிற நேரத்தில் உதட்டை அசைத்தேன், இசக்கிமுத்து வந்தபோது செய்தது போலவே. இவர் கண் என் உதட்டில் நின்றது. பிடித்துக்கொண்டார். "வடிவு" என்றார், சத்தமாக, தெளிவாக. என் கடவுளே. கையில் இருந்த சீட்டு நனைந்துபோயிருந்தது. டாக்டர் நிமிர்ந்து சிரித்தார். "கரெக்ட் சார். வடிவு யாரு? உங்களுக்கு என்ன வேணும்?" இவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாகத் தெருவுக்குக் கேட்ட அதே குரல். "வடிவுங்கறது சந்திரன்ல ஒரு சமவெளி. அமுதக் கடலை ஒட்டி இருக்கு. ரொம்பச் சின்னது, இங்க இருந்து வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகள் அதை விட்டுருவாங்க, நான் விடமாட்டேன்." டாக்டர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அவர் ஏன் மேலே கேட்டார் என்று தெரியவில்லை, மெதுவாகத்தான் கேட்டார், "அங்க யாராவது போயிருக்காங்களா சார்?" இவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத வாத்தியார். "இல்ல சார்" என்றார். "பக்கத்துல வரைக்கும் போயிருக்காங்க. அங்க யாரும் போனதில்ல." டாக்டர் எழுதினார். நிறைய எழுதினார். நானே எழுதிக் கொடுத்ததுதானே, நானே நாற்காலி போட்டு ஏறி என்னைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன், மனுஷன் படத்தில் இருப்பதைப் படத்தில் இருக்கிற மாதிரி படித்திருக்கிறார், அவர் மேல் என்ன தப்பு. தோசைக்கு முன்னால், பீடித் தட்டுக்குப் பின்னால், எந்த வருடத்தில் யாராவது என் பக்கம் வந்தார்கள். நானும்தான் யாரையும் கூப்பிடவில்லை.

பஸ் நிறுத்தத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. பையில் போன் அடித்தது, அபிராமி. எடுக்காமல் இருக்கலாம், வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லலாம். எடுத்தேன். "என்னம்மா சொன்னாரு? அப்பாவுக்கு உன்னையத் தெரிஞ்சுதா?" பேரைச் சொன்னார் என்று சொன்னால் பொய் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "தெரியலட்டி" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, என் பிள்ளை அழுகிறாள் என்று தெரிந்தது. "சனிக்கிழமை வாரேம்மா" என்றாள். வா என்றேன். இன்றைக்குப் புதன். போனைப் பையில் போட்டு, கண்ணை முந்தானையால் துடைத்தேன், இவர் அதைப் பார்த்துவிட்டார். படத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "காலையில இருந்து நீங்க எங்கூடயே அலையுதீய. உங்க வீட்டுல தேட மாட்டாவளா?" வாயில் வந்ததைச் சொன்னேன். "தேடுதவர் வெளிய போயிருக்காரு சார்." அப்படியா என்று தலையை ஆட்டினார். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார், எனக்காக யாரோ வருகிறார்களா என்று தேடுகிறவர் போல. "எப்ப வருவாரு?" தெரியவில்லை என்றேன். அவருக்கு அது கஷ்டமாகப் போய்விட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஒரு நிமிடம் தயங்கினார், கேட்கலாமா கூடாதா என்று. "அவர் வாரது வரைக்கும் நான் வேணா உங்க கூட இருக்கட்டுமா?" என்றார். இருங்க சார் என்றேன்.